கழுதையோடு நடந்த கதாசிரியர்



ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சுமார் 12 கிலோமீட்டர் தூரம். பேருந்தில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால், மேற்கே மலைத்தொடர் நம்முடனேயே ஓடி வருவது போலத் தோன்றும். மலையை முழுதாகப் பார்த்து முடிப்பதற்குள் கோபுரம் தெரிந்துவிடும். எங்கள் அம்மாச்சியோ இளவயதில் ஆடிப்பூரத் தேர் பார்க்க இந்தத் தூரத்தை நடந்தே போனவர். எந்த மரத்தடியில் நிழல் அதிகம், எந்தக் கிணற்றில் தண்ணீர் இனிக்கும் என்பதெல்லாம் அவருக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. அந்த வழியில் நூறு தடவை பேருந்தில் போன எனக்கு அவற்றில் ஒன்றும் தெரியாது.

சென்ற ஆண்டு எனக்கு மார்ச்சளி கண்டு மூன்று வாரம் படுக்கையில் கிடந்தேன். அப்போது நேரம் போவதற்காக ஒரு புத்தகம் கிடைத்தது. சிறுவயதிலிருந்து நுரையீரல் நோயால் துன்புற்ற ஒருவர், பிரான்சு நாட்டு மலைகளில் பன்னிரண்டு நாட்கள் நடந்து போன வரலாறு அது. அவர்தான் புதையல் தீவு என்னும் கதையை எழுதி உலகப் புகழ் பெற்ற ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன். கடற்கொள்ளைக்காரர் கதை எழுதியவர் என்ற அளவில் நம்மில் பலர் அவரை அறிவோம். அவர் எப்படி வாழ்ந்தார் என்பதை அறிந்தவர் சிலரே. ஆகவே அவருடைய வாழ்க்கையை இங்கே சுருக்கமாகக் கூற விழைகிறேன்.

ஸ்காட்லாந்து நாட்டின் தலைநகரான எடின்பரோவில் 1850-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் ஸ்டீவன்சன் பிறந்தார். பெற்றோருக்கு அவர் ஒரே பிள்ளை. தந்தையார் தாமஸ் ஸ்டீவன்சன் கலங்கரை விளக்கங்கள் கட்டும் பொறியாளர். பாட்டனாரும் அதே தொழிலில் பேர் பெற்றவர். கடல் நடுவே அலைகள் மூடும் பாறையின்மேல் பெல் ராக் கலங்கரை விளக்கத்தை எழுப்பியவர் அவரே. ஸ்காட்லாந்தின் கரையோரங்களில் இரவில் கப்பல்களுக்கு வழிகாட்டிய விளக்குகளில் பல அந்தக் குடும்பத்தார் ஏற்றி வைத்தவை.

இத்தகைய குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்கு உடல்நலம் மட்டும் வாய்க்கவில்லை. குளிர்காலம் வந்தாலே இருமலும் காய்ச்சலும் அவரைப் படுக்கையில் தள்ளிவிடும். இரவு முழுவதும் தூங்காமல் இருமிக்கொண்டிருந்த குழந்தையின் அருகில் அலிசன் கன்னிங்ஹாம் என்ற தாதி விழித்திருந்து கதைகள் சொல்லுவார்; விவிலியம் வாசித்துக் காட்டுவார். தங்கள் சமயத்துக்காக மலைகளில் ஒளிந்து வாழ்ந்த பழைய ஸ்காட்லாந்து மக்களின் கதைகளை அந்தத் தாதியிடம்தான் அவர் கேட்டறிந்தார். பிற்காலத்தில் குழந்தைகளுக்காக எழுதிய கவிதை நூலை 1885-இல் வெளியிட்டபோது, ஸ்டீவன்சன் அதை அந்தத் தாதிக்கே காணிக்கையாக்கினார். தன்னைத் தூக்கி வளர்த்தவரைப் புகழ் வந்த பின்னும் மறவாத அந்தக் குணம் நாம் போற்றத்தக்கது.

பதினேழாம் வயதில் குடும்பத் தொழிலைக் கற்பதற்காக எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆனால் அவர் மனம் எழுத்திலேயே இருந்தது. பையில் எப்போதும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, கண்டதையெல்லாம் எழுதிப் பழகுவாராம். 1871-இல் தந்தையாரிடம் தமக்குப் பொறியியல் வேண்டாம் என்று துணிந்து கூறிவிட்டார். தந்தையாருக்கு அது பெரிய அடி. எழுத்தை நம்பி வயிறு வளர்க்க முடியாது, சட்டமாவது படி என்று வற்புறுத்தினார். ஸ்டீவன்சனும் அதற்கு இணங்கி 1875-இல் வழக்கறிஞரானார். வழக்கறிஞர் என்ற பெயர்தான் வந்தது. அவர் அத்தொழிலை நடத்தவில்லை. சமயக் கருத்துகளிலும் தந்தைக்கும் மகனுக்கும் பெரும் பிணக்கு உண்டாயிற்று. அன்பு மிகுந்த இருவர் ஒரே வீட்டில் ஒருவரையொருவர் புண்படுத்திக்கொண்டு வாழ்ந்த காலம் அது.

உடல் தேறுவதற்காக மருத்துவர்கள் அவரைத் தென் பிரான்சுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து பிரான்சு அவருக்கு இரண்டாம் தாயகம் ஆகிவிட்டது. 1876-இல் நண்பர் ஒருவருடன் சிறு படகுகளில் ஏறி, பெல்ஜியத்திலிருந்து ஆறுகள் வழியாகவும் கால்வாய்கள் வழியாகவும் பிரான்சுக்குள் போனார். அந்தப் பயணமே அவருடைய முதல் நூலாக 1878-இல் வெளிவந்தது. அதே 1876-இல் கிரே என்ற சிற்றூரில் ஃபேனி ஆஸ்போர்ன் என்ற அமெரிக்கப் பெண்மணியைச் சந்தித்தார். அவர் ஓவியம் கற்க வந்தவர். முதல் மணவாழ்க்கையில் துன்பமே கண்டவர். ஒரு மகனை நோய்க்குப் பறிகொடுத்தவர். இருவருக்குமிடையே ஆழ்ந்த அன்பு மலர்ந்தது. ஆனால் 1878 ஆகஸ்டு மாதம் ஃபேனி அம்மையார் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய்விட்டார். மீண்டும் காண்போமா என்பதே தெரியாத நிலை. மனம் சோர்ந்த ஸ்டீவன்சன் தனியே தென் பிரான்சின் மலைநாட்டுக்குப் புறப்பட்டார்.

லெ மொனாஸ்தியே என்பது அங்குள்ள ஒரு மலைச் சிற்றூர். அவ்வூர்ப் பெண்கள் தெருத் திண்ணைகளில் கூட்டமாக உட்கார்ந்து லேஸ் பின்னுவார்களாம். நம் ஊரில் தறிச் சத்தம் போல அந்த ஊரில் பின்னல் கட்டைகளின் சத்தம்! அங்கே ஏறக்குறைய ஒரு மாதம் தங்கி, தெற்கே செவென் மலைகளைக் கடந்து நடந்து போவதென்று முடிவு செய்தார். ஊரார் அவரைப் பைத்தியக்காரர் போலப் பார்த்தார்கள். இலையுதிர் காலம் வந்துவிட்டது, மலைமேல் குளிர், வழியில் ஓநாய் பயம், திருடர் பயம் என்று அச்சுறுத்தினார்கள். ஆனாலும் வேண்டிய உதவிகளைச் செய்தார்கள்.

வழியில் விடுதி கிடைக்காவிட்டால் வெளியில் உறங்குவதற்கென ஒரு பெரிய படுக்கைப் பையை அவர் தைக்கச் சொன்னார். வெளிப்புறம் மழை புகாத வண்டித் துணி, உட்புறம் ஆட்டு ரோமம். அதைச் சுமப்பதற்கு ஒரு கழுதை தேவைப்பட்டது. ஆதாம் என்ற கிழவரிடம் 65 பிராங்கும் ஒரு கோப்பை மதுவும் கொடுத்து ஒரு பெண் கழுதையை வாங்கினார். பெரிய நாயைவிட அதிகம் பெரியதாக இல்லாத, எலி நிறமுடைய சின்னஞ்சிறு கழுதை. அதற்கு மாடஸ்டீன் என்று பெயரிட்டார். அடக்கமுடையவள் என்று பொருள்படும் பெயர். வேடிக்கை என்னவென்றால், படுக்கைப் பைக்கு ஆன செலவு 80 பிராங்கு! அதைச் சுமக்கும் உயிருள்ள பிராணியைவிட உயிரில்லாத பைக்கு விலை அதிகம்.

1878-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் காலை பயணம் தொடங்கியது. தொடங்கிய சிறிது நேரத்திலேயே தொல்லையும் தொடங்கிவிட்டது. கழுதை நடப்பது நிற்பது போல இருந்தது. அதன் நடைக்குத் தம் நடையைக் குறைத்துக் குறைத்து ஸ்டீவன்சனுக்குக் கால் வலி கண்டது. பொதி ஒரு பக்கமாகச் சாய்ந்து வயிற்றுக்குக் கீழே தொங்கியது. வழியில் வந்த குடியானவர் ஒருவர் சிரித்து, கழுதையை ஓட்டும் சொல் ஒன்றைக் கற்றுக்கொடுத்து, ஒரு கொம்பையும் ஒடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். மாலையில் மறுபடியும் பொதி சரிந்து எல்லாம் தெருவில் கொட்டியது. வேண்டாத பொருள்களை அப்படியே எறிந்துவிட்டு, ஒரு கூடையைத் தம் தோளிலே மாட்டிக்கொண்டு நடந்தார். அறிமுகமில்லாத வேலையை ஒரே நாளில் கற்றுக்கொள்ள முயல்பவர் படும் பாட்டை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

அன்றிரவு தங்கிய விடுதியின் உரிமையாளர் ஒரு தார்க்குச்சி செய்து கொடுத்தார். மாட்டு வண்டிக்காரர் கையில் நாம் பார்ப்பது போன்று, நுனியில் சிறு முள் வைத்த குச்சி. அதன்பின் கழுதை விரைந்து நடந்தது. ஆனால் அதன் உடம்பில் இரத்தப் புள்ளிகள் தோன்றின. இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு ஸ்டீவன்சன் மீது கோபம் வந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நோயின் வலியை நன்கறிந்த மனிதர், வாயில்லாச் சீவனின் வலியை ஏன் எண்ணிப் பார்க்கவில்லை? முதல் நாள் அடிக்கக் கூசிய கை, நாலைந்து நாளில் கூசாமல் பழகிவிட்டது. மனித மனம் எவ்வளவு விரைவில் கடினமாகிவிடுகிறது என்பதற்கு இது ஒரு சான்று. அவர் தம் குற்றத்தைத் தாமே எழுதி வைத்திராவிட்டால் நமக்கு இது தெரிந்தே இராது.

பிராதெல், லாங்கோன் என்னும் சிறு நகரங்களைக் கடந்து கெவுதான் என்னும் காட்டுப் பகுதிக்குள் நுழைந்தார். 1764 முதல் 1767 வரை பலரைக் கொன்று தின்ற ஒரு கொடிய விலங்கினால் பெயர் பெற்ற பகுதி அது. அதைப் பிடிக்க அரசரே வேட்டைக்காரர்களை அனுப்ப வேண்டியதாயிற்று. அங்கே இருட்டில் ஸ்டீவன்சன் வழி தவறினார். வழி கேட்ட இடத்தில் சிறுமியர் கேலி செய்தார்கள். ஒரு வீட்டுக்காரர் இருட்டில் வாசற்படியைத் தாண்ட மாட்டேன் என்று கூறிவிட்டார். கொட்டும் மழையில், காட்டில், கழுதையை மரத்தில் கட்டிவிட்டுப் பைக்குள் புகுந்து படுத்தார். ஆச்சரியம் என்னவென்றால், நன்றாக உறங்கி விழித்தார்! மறுநாள் காலை ஒரு முதியவர் நடந்ததைக் கேட்டு மிகவும் வருந்தி, உடன் வந்து வழிகாட்டினார். ஒரே ஊரில் கதவடைப்பவரும் உண்டு, கைகொடுப்பவரும் உண்டு.

செப்டம்பர் 26-ஆம் நாள் அவர் ஒரு துறவு மடத்தை அடைந்தார். அதன் பெயர் பனிமய மாதா மடம். தோழியரே, தூத்துக்குடியில் ஆகஸ்டு 5-ஆம் நாள் திருவிழாக் கொண்டாடும் நம் பனிமய மாதாவின் பெயரேதான்! அங்கே டிராப்பிஸ்ட் சபைத் துறவிகள் வாழ்ந்தனர். அவர்கள் தேவையின்றிப் பேசமாட்டார்கள், புலால் உண்ணமாட்டார்கள், இரவு எட்டு மணிக்குப் படுத்து அதிகாலை இரண்டு மணிக்கு எழுவார்கள். ஸ்டீவன்சன் கண்டிப்பான புராட்டஸ்டண்ட் குடும்பத்தில் வளர்ந்தவர். மடத்தின் மணியோசை கேட்டதும் காரணமில்லாத ஓர் அச்சம் அவர் உள்ளத்தில் எழுந்தது. சிறுவயதில் கேட்ட கதைகளின் பயன் அது.

ஆனால் அவர் முதலில் கண்டது என்ன? வெள்ளை அங்கி அணிந்த துறவி ஒருவர் மண் வண்டியைத் தள்ள முடியாமல் தள்ளிக்கொண்டிருந்தார். பாதை போடும் வேலை. வந்தவரை அவர் அன்புடன் வரவேற்றார். மடத்தில் ஒருவர் புத்தகம் கட்டினார். ஒருவர் ரொட்டி சுட்டார். ஒருவர் முயல் வளர்த்தார். ஒருவர் புகைப்படம் எடுத்தார். எல்லாரும் மகிழ்ச்சியான முகத்தோடு இருந்தார்கள். இரவு ஜெபத்தின்போது வெள்ளையடித்த எளிய கோவிலில் துறவிகள் மரியன்னையை நோக்கிப் பாடிய பாடல் அவரை உருக்கிவிட்டது. அங்கே விருந்தாளிகளாக இருந்த ஒரு குருவும் ஒரு பழைய படைவீரரும் அவரை மதம் மாறும்படி நெருக்கியது அவருக்குப் பிடிக்கவில்லை. அதையும் எழுதினார், துறவிகளின் அன்பையும் எழுதினார். ஒன்றுக்காக மற்றொன்றை அவர் மறைக்கவில்லை. அச்சத்தோடு உள்ளே போனவர் மரியாதையோடு வெளியே வந்தார்.

அதன்பின் லொஸேர் மலை ஏறினார். ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரமுள்ள மலை அது. ஏறும் வழியில் பைன் மரங்களுக்கு நடுவே ஓர் இரவு திறந்த வெளியில் உறங்கினார். நடு இரவில் விழித்தெழுந்து விண்மீன்களைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். அருகில் மாடஸ்டீன் புல் மேயும் ஓசை. தூரத்தில் ஓர் ஓடையின் ஓசை. அவ்வளவு அமைதியான இரவிலும், அன்புக்குரியவர் ஒருவர் அருகில் இருந்தால் இன்பம் முழுமையாகும் என்று அவர் எண்ணினார். ஃபேனி அம்மையார் கடல்களுக்கு அப்பால் இருந்தார் அல்லவா? விடிந்ததும் அவர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. இவ்வளவு நல்ல படுக்கையும், காற்றும், தண்ணீரும் இலவசமாகக் கிடைத்ததே என்று எண்ணி, இரவு தங்கியதற்கான வாடகையாகச் சில நாணயங்களைப் புல் தரையில் வைத்துவிட்டுப் போனார். ஏழைக் குடியானவர் எவராவது எடுத்திருப்பார் என்று நம்புவோம். நம் அய்யனார் அருவிக்குச் சென்று குளித்துவிட்டு, பிளாஸ்டிக் பைகளை வாடகையாக வைத்துவிட்டு வருபவர்கள் இதை எண்ணிப் பார்ப்பார்களாக!

மலையின் மறுபக்கம் இறங்கினால் பான் தெ மான்வேர் என்னும் சிறு நகரம். 1702-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அங்கே ஒரு கத்தோலிக்கக் குருவானவர் கொல்லப்பட்டார். புராட்டஸ்டண்ட் மக்களைச் சிறைப்படுத்தித் துன்புறுத்தியதற்குப் பழியாக நடந்த கொலை அது. அதிலிருந்து மூண்ட போரில் இரு தரப்பிலும் பலர் மாண்டனர். அரசரின் படைகள் நூற்றுக்கணக்கான சிற்றூர்களை எரித்தன. ஸ்டீவன்சன் சிறுவயதில் தாதியிடம் கேட்ட ஸ்காட்லாந்துக் கதைகளைப் போன்றதே இந்தக் கதையும். ஆகவே அவர் அந்த ஊர்களில் எல்லாரிடமும் நின்று நின்று விசாரித்தார். அவர் கண்டது என்னவென்றால், பழைய போரை யாரும் மறக்கவில்லை. ஆனாலும் இரு சபையாரும் ஒரே தெருவில் அண்டை அயலாராக அமைதியோடு வாழ்ந்தார்கள். நினைவு வேறு, பகை வேறு என்பதை அந்த எளிய மக்கள் அறிந்திருந்தார்கள்.

அங்கிருந்து தார்ன் ஆற்றின் கரையோரமாக, செஸ்ட்நட் மரச் சோலைகளின் வழியே ஃபுளோராக் நகரை அடைந்து, மேலும் பல குன்றுகளைக் கடந்தார். அக்டோபர் 3-ஆம் நாள் இரவு சான் ழான் து கார் என்ற ஊரில் பயணம் முடிந்தது. பன்னிரண்டு நாட்களில் 120 மைல், அதாவது ஏறக்குறைய 200 கிலோமீட்டர். நம் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் எட்டு முறை போய்த் திரும்பும் தூரம். அதுவும் மலைப் பாதையில், நோயுற்ற நெஞ்சோடு!

மாடஸ்டீன் களைத்துப் போயிருந்தது. இரண்டு நாள் ஓய்வு கொடுக்காமல் நடத்தக் கூடாது என்று கூறிவிட்டார்கள். அடுத்த நகரில் கடிதங்கள் காத்திருந்தபடியால் ஸ்டீவன்சனால் பொறுக்க முடியவில்லை. கழுதையைச் சேணத்தோடு 35 பிராங்குக்கு விற்றுவிட்டுக் குதிரை வண்டியில் ஏறினார். வண்டி ஓடத் தொடங்கிய பின்தான் அவருக்குத் தாம் இழந்தது என்னவென்று தெரிந்தது. தம் கையிலிருந்து ரொட்டி வாங்கித் தின்ற, தம்மோடு மழையில் நனைந்த துணை இனி இல்லை. அவர் கண்ணீர் விட்டு அழுதார். இருக்கும்போது அருமை தெரியாது என்று நம் பெரியவர்கள் சொல்வது எந்த நாட்டுக்கும் பொருந்தும் போலும். இந்தப் பயண நூல் 1879-இல் வெளிவந்தது.

அதே ஆண்டு ஃபேனி அம்மையார் நோயுற்றிருக்கும் செய்தி வந்தது. பெற்றோரிடம் சொல்லாமல் ஸ்டீவன்சன் கப்பலேறினார். ஏழைக் குடியேறிகள் நிறைந்த கப்பலிலும் ரயிலிலும் பயணம் செய்து கலிபோர்னியாவை அடைவதற்குள் அவர் உடல் முற்றிலும் நலிந்துவிட்டது. மலையில் மயங்கிக் கிடந்தவரை ஆட்டுப் பண்ணைக்காரர்கள் கண்டெடுத்துக் காப்பாற்றினார்கள். சான்பிரான்சிஸ்கோவில் அரை வயிற்றுக்குச் சாப்பிட்டு எழுதினார். செய்தியறிந்த தந்தையார் பழைய பிணக்கை மறந்து, ஆண்டுக்கு 250 பவுன் அனுப்புவதாகத் தந்தி கொடுத்தார். 1880 மே 19-ஆம் நாள் ஸ்டீவன்சனுக்கும் ஃபேனி அம்மையாருக்கும் திருமணம் நடந்தது.

1881-ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்தில் மழை விடாத ஒரு விடுமுறையில், மனைவியின் மகனான சிறுவன் லாயிடுக்கு விளையாட்டுக் காட்ட ஒரு தீவின் வரைபடம் வரைந்தார். அந்த வரைபடத்திலிருந்து பிறந்ததே புதையல் தீவு. கதை கேட்க உட்கார்ந்தவர்களில் கிழத் தந்தையாரும் ஒருவர்! கொள்ளைக்காரனின் பெட்டிக்குள் என்னென்ன பொருள்கள் இருக்க வேண்டும் என்று பட்டியல் எழுதித் தந்தவர் அவரே. எழுத்தை எதிர்த்த தந்தை, மகனின் கதைக்கே கைகொடுத்த காட்சி நெஞ்சை நெகிழச் செய்கிறது. நூல் 1883-இல் வெளிவந்தது. 1886-இல் டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும் என்ற கதை அவர் புகழை உலகெங்கும் பரப்பியது.

தந்தையார் 1887-இல் இறந்த பின், உடல்நலம் தேடி 1888-இல் பசிபிக் பெருங்கடலுக்குப் பயணமானார். 1889 மே மாதம் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மொலோக்காய்க்குச் சென்றார். தொழுநோயாளரை ஊரிலிருந்து பிரித்து வைத்த தீவு அது. அவர்களுக்காகவே வாழ்ந்து, அந்நோய் கண்டு, ஏப்ரல் 15-ஆம் நாள் தமியான் அடிகளார் இறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. ஸ்டீவன்சன் அங்கே ஒரு வாரம் தங்கினார். அன்னை மரியான் கோப் நடத்திய இல்லத்தில் இருந்த தொழுநோய்ச் சிறுமியருக்குக் குரோக்கே என்னும் பந்தாட்டம் கற்றுக்கொடுத்து அவர்களோடு தாமும் விளையாடினார். நோய் தொற்றும் என்று உலகம் அஞ்சி விலகிய பிள்ளைகள் அவர்கள். ஊர் திரும்பிய பின் அவர்களுக்கென ஒரு பியானோ அனுப்பி வைத்தார்.

அதே 1889-ஆம் ஆண்டில், ஹவாயில் வாழ்ந்த ஹைடு என்ற புராட்டஸ்டண்ட் போதகர் தமியான் அடிகளாரை இழிவாக எழுதிய கடிதம் ஒன்று பத்திரிகையில் வந்தது. ஸ்டீவன்சன் கொதித்தெழுந்தார். 1890-இல் சிட்னி நகரிலிருந்து அதற்கு மறுப்பாக ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி அச்சிட்டார். மானநட்ட வழக்குத் தொடர்ந்தால் தம் சொத்து முழுவதும் போகலாம் என்பதை அவர் அறிவார். வீட்டாரைக் கூட்டி அதைச் சொல்லிச் சம்மதம் பெற்ற பின்னரே அச்சிட்டார். அந்தக் கடிதத்துக்குப் பணம் வாங்கவும் மறுத்தார். தமியான் அடிகளாரின் குறைகளை அவர் மூடி மறைக்கவில்லை; குறைகள் இருந்தும் எவரும் செய்யாததைச் செய்தவர் என்று எடுத்துக் காட்டினார். தம் சபையைச் சேராத ஒரு குருவுக்காகத் தம் சபையைச் சேர்ந்தவரையே எதிர்த்து நின்ற துணிவு எங்கிருந்து வந்தது? பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அச்சத்தோடு நுழைந்த அந்தப் பனிமய மாதா மடத்தின் மண் வண்டித் துறவியும் அதற்கு ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது. தமியான் அடிகளார் 2009-ஆம் ஆண்டும், அன்னை மரியான் 2012-ஆம் ஆண்டும் புனிதர்களாக உயர்த்தப்பட்டார்கள்.

ஸ்டீவன்சன் தம் கடைசி ஆண்டுகளைச் சமோவா தீவில் கழித்தார். அத்தீவு மக்கள் அவரைத் துசித்தாலா, அதாவது கதை சொல்பவர், என்று அன்போடு அழைத்தார்கள். அந்நிய ஆட்சியாளரால் சிறை வைக்கப்பட்ட தலைவர்களுக்கு அவர் உணவும் மருந்தும் கொண்டுபோய்க் கொடுத்தார். விடுதலை பெற்ற அவர்கள், 1894-இல் தங்கள் கைகளாலேயே அவர் வீட்டுக்கு ஒரு பாதை போட்டுக் கொடுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் மூளையில் இரத்தக் குழாய் வெடித்து அவர் திடீரென இறந்தார். அப்போது அவருக்கு வயது 44. வீட்டுக்குப் பின்னால் உள்ள வாயியா மலையுச்சியில் அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆனால் உச்சிக்குப் பாதை இல்லை. சமோவா மக்கள் இரவோடிரவாகக் காட்டை வெட்டிப் பாதை அமைத்து, அவர் உடலைத் தோளில் சுமந்து மேலே கொண்டு சென்றார்கள். வாழ்நாளெல்லாம் பிறர் போட்ட பாதையில் நடந்தவருக்கு, கடைசிப் பயணத்துக்கு அன்பே பாதை போட்டது.

இன்று செவென் மலைகளில் அவர் நடந்த வழி ஸ்டீவன்சன் பாதை என்ற பெயரால் வழங்குகிறது. ஆண்டுதோறும் பல நாட்டினர் அங்கே நடக்கிறார்கள். வாடகைக்குக் கழுதைகளும் கிடைக்கின்றனவாம். தார்க்குச்சி மட்டும் இல்லை என்று நம்புகிறேன்.

நோய் தீர்ந்த பிறகு வாழலாம் என்று ஸ்டீவன்சன் காத்திருந்தால் அவர் படுக்கையை விட்டு எழுந்தே இருக்க மாட்டார். நோயோடு நடந்தார், நடந்ததால் பலரைக் கண்டார், கண்டதால் பயம் நீங்கினார். படுக்கையில் கிடந்த எனக்கு அவர் சொன்ன புத்திமதி இதுவே. உடம்பு தேறியதும் அம்மாச்சியிடம் ஒரு வாக்குப் பெற்றிருக்கிறேன். பொதுத் தேர்வு முடிந்ததும் ஒரு நாள் விடியற்காலையில் நானும் அம்மாவும் அம்மாச்சியும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடந்தே போகப் போகிறோம். அம்மாச்சிக்கு முழங்கால் வலி. ஆகையால் மெல்லத்தான் நடப்போம். அவசரப்படுத்த மாட்டேன். பழைய மரங்களில் எவை இன்னும் நிற்கின்றன, இனிக்கும் கிணற்றில் இன்னும் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து வந்து உங்களுக்கும் சொல்லுகிறேன்.

தோழியரே, நாமும் நம் கண்முன் இருக்கும் வழிகளை நடந்து அறிவோமாக! நம்மோடு பொதி சுமந்து வருபவர்களை அவர்கள் உடனிருக்கும்போதே நேசிப்போமாக!

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு